நிரூபி என்பவர்கள்

பாப்பன்குப்பம் பக்கம் மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவது பெரும்பாடு. காலையில் கூட்டிய தரையில் மறுநாள் விரலை வைத்தால் கரி ஒட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைப் புகையால்தான் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு என்று ஊரார் மனு கொடுத்தால், பதில் தயாராக இருக்கிறது: “ஆலையும் இருக்கிறது, இருமலும் இருக்கிறது. ஆலையால்தான் இருமல் என்பதற்கு என்ன ஆதாரம்?”

இப்படிக் கேட்பவரைக் கம்பெனி ஆள் என்று ஏசிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் கேள்வி நியாயமானது. பீடி இருக்கிறது, விறகடுப்பு இருக்கிறது, காசநோய் இருக்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரி ஓடுகிறது. இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்றால்தான் மற்றது என்றாகிவிடாது. ஊராருக்காகப் பேசும் நம் தரப்பும் இதில் சறுக்கியிருக்கிறது. கடலூர் சிப்காட்டின் காற்றில் கலந்த நச்சு வாயுக்களை வைத்து, அங்கு வசிப்போருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் அபாயம் 2000 மடங்கு என்று நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. வாய்க்கு வாய் மாறி அது ‘புற்றுநோயாளிகள் 2000 மடங்கு’ என்றாயிற்று. அபாயக் கணக்கு வேறு, ஆஸ்பத்திரி ஏட்டில் எண்ணிய தலைகள் வேறு. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இந்த ஓட்டை ஒன்றே போதும்.

ஆனால் கேள்வி கேட்டதோடு வேலை முடிந்துவிடாது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் இருப்பது வெறும் தொடர்பு, பரம்பரைக் கூறு ஒன்று இரண்டையும் உண்டாக்கலாம் என்று 1950களின் இறுதியில் வாதாடினார் புள்ளியியல் மேதை ஃபிஷர். அவர் புகையிலைக் கம்பெனிகளின் ஆலோசகர். 1965இல் இன்னொரு புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில், தொடர்பு எப்போது காரணமாகும் என்று எடைபோட ஒன்பது கோணங்களை வகுத்துக் கொடுத்தார். எது முந்தியது? கிட்டே போகப்போக நோய் கூடுகிறதா? நிறுத்தினால் குறைகிறதா?

இவற்றைக் கும்மிடிப்பூண்டியிலும் கேட்கலாம். பீடி பிடிக்காத, ஒரே வயதுப் பெண்களைக் காற்று அடிக்கும் திசையிலுள்ள ஊரிலும் எதிர்த்திசை ஊரிலும் சோதித்து ஒப்பிடலாம். 2020 ஊரடங்கில் ஆலைகள் நின்றபோது இருமல் குறைந்ததா என்று ஆரம்ப சுகாதார நிலையத்து ஏட்டைப் புரட்டலாம். (அப்போது கொரோனாவுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.)

இதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. தொடர்பு தெரியாததாலேயே காரணம் இல்லை என்றும் ஆகாது. உலை முன்னால் நிற்பவர்களில் பலர் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். நெஞ்சு அடைத்தால் ரயிலேறிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களை எண்ணினால் ஆலைக்குள் எல்லோரும் திடகாத்திரம்தான்.

‘நிரூபி’ என்ற சுமையை நோயாளி தலையில் வைக்கக் கூடாது என்பது சட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தொழிலாளர் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. சட்டத்தின் 52ஏ பிரிவு, பட்டியலிட்ட வேலையில் இருப்பவருக்குப் பட்டியலிட்ட தொழில்நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அது வேலையால் வந்த கேடு என்றே கொள்ளச் சொன்னது. அந்தப் பாதுகாப்பு ஆலை மதிலோடு நின்றுவிட்டது. மதிலுக்கு வெளியே வடகம் காயப்போடுபவருக்கு அது இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆவது பிரிவோ, ஆலைத் தொழிலாளிக்கு ஈய நஞ்சு, சிலிக்கோசிஸ் போன்றவை இருக்கலாம் என்று மருத்துவர் கருதினாலே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது.

இந்த வட்டாரத்து மருத்துவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: சீட்டில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் நோயாளியின் வேலையையும் ஊரையும் எழுதுங்கள். சுகாதாரத் துறை அந்தக் கணக்கைப் பெயர்களை நீக்கி ஆண்டுதோறும் வெளியிடட்டும். அதுவரை ‘ஆதாரம் எங்கே’ என்று ஊராரைக் கேட்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் இல்லை.