கடனும் பிணியும்

1892ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘ஆல்பர்ட்’ என்னும் பாய்க்கப்பல் நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸை அடைந்தபோது, நகரின் பெரும்பகுதி தீக்கிரையாகியிருந்தது. ஆழ்கடல் மீனவர்க்குத் தொண்டாற்றிய கிறித்துவப் பணிக்கழகம் ஒன்று அனுப்பிய ஆங்கில மருத்துவர் வில்ஃபிரெட் கிரென்ஃபெல் அக்கப்பலில் வந்திருந்தார். அங்கிருந்து வடக்கே, மருத்துவமனை ஒன்றுகூட இல்லாத லாப்ரடோர் கரைக்குச் சென்ற அவர், அந்த ஒரு கோடையிலேயே ஏறத்தாழ 900 பேருக்கு மருத்துவம் பார்த்தார். மறு ஆண்டே பேட்டில் ஹார்பரில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருந்தால் மட்டும் அம்மக்களின் துன்பம் தீராது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். காட் மீன் பிடிக்கும் குடும்பத்தார் இளவேனிலில் வணிகரிடம் உப்பும் மாவும் வலையும் கடனாகப் பெறுவர்; பருவ இறுதியில் பிடித்த மீன் அனைத்தையும் அதே வணிகரிடம் ஒப்படைப்பர். மீனுக்கு விலை வைப்பவரும் வணிகர். பண்டத்துக்கு விலை சொல்பவரும் அவரே. ஆண்டு முழுவதும் உழைத்தவர் கையில் காசைக் காண்பது அரிது. வெள்ளை மாவையே நம்பி வாழ்ந்தவர்களைப் பெரிபெரி முடக்கியது; நெரிசல் மிகுந்த குடில்களில் காசநோய் பரவியது. கடன்சுமை குறையாமல் இப்பிணிகள் குறையா எனத் தெளிந்து, 1896இல் ரெட் பேயில் கூட்டுறவுக் கடையொன்று தொடங்க அவர் துணைநின்றார். வணிகர் சிலரின் பகையை அது தேடித்தந்தது. இத்தனைக்கும் பேட்டில் ஹார்பர் மருத்துவமனைக்குக் கட்டடம் அளித்தவரே ஒரு வணிகர்தாம்! நன்கொடை தருவோர் மனம் நோகுமே என்று அஞ்சி நோயின் வேரைக் காட்டாமல் விட்டிருந்தால், அப்பணியை நாம் இவ்வளவு மதிக்க இயலாது.

எனினும் அதன் வரலாற்றில் மறைக்கத் தகாத பக்கமும் உண்டு. கிரென்ஃபெல் பெயர் தாங்கிய சங்கம் உறைவிடப் பள்ளிகளையும் நடத்தியது. பெற்றோரைப் பிரிந்து அங்கு வாழ்ந்த பழங்குடிப் பிள்ளைகள் பலர் தம் மொழியையும் மரபையும் இழந்தனர்; கொடுமைக்கு ஆளானவர்களும் உளர். 2008இல் கனடா அரசு உறைவிடப் பள்ளி மாணவர்களிடம் மன்னிப்புக் கோரியபோது இவர்களை விட்டுவிட்டது. இப்பள்ளிகள், 1949இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவுடன் இணையுமுன்பே தோன்றியவை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2017இல்தான் பிரதமர் ட்ரூடோ கூஸ் பேயில் நேரில் மன்னிப்புக் கோரினார். உடலைக் காத்த அமைப்பே உள்ளத்தைப் புண்படுத்தியது என்பதை, அதனால் பயன் பெற்றோரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தொண்டு அமைப்பிடம் ஒரு கரையின் மருத்துவம், கல்வி, குழந்தைகள் நலம் அனைத்தும் குவிந்ததே இக்கேட்டுக்கு வழிவகுத்தது என்பது நம் கருத்து. வாக்குரிமை கொண்டு அரசைக் கேள்வி கேட்கலாம்; கொடையாளரைக் கேட்க முடியுமா? அம்மருத்துவப் பணி அரசு வாரியத்தின் பொறுப்புக்கு வந்தது 1981இல்தான். ஆல்பர்ட் கப்பல் வந்து அதற்குள் 89 ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. அத்தனை காலம் தன் கடமையைப் பிறர் கொடையில் விட்டுவைத்த அரசுகளே இதில் முதற்குற்றவாளிகள்.