அந்தத் தலைப்பை எழுதியவன் நான்

அண்மையில் ஒரு திருமண வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வேளையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நீண்டகாலம் விஞ்ஞானம் கற்பித்தவர். நான் எழுதுவதைத் தவறாமல் வாசிப்பவர். பெண்கள் பிரிவில் உலகத் தரப் போட்டிகளில் பங்குபற்றும் அனைவருக்கும் 2025 செப்டெம்பர் முதல் பரம்பரையலகுப் பரிசோதனையை உலக மெய்வல்லுநர் சம்மேளனம் கட்டாயமாக்கிய செய்தி அவருக்குப் பெரும் திருப்தியை அளித்திருந்தது.

"பாத்தீரே தம்பி, ஆண் எண்டால் ஆண், பெண் எண்டால் பெண். விஞ்ஞானமே சொல்லிப்போட்டுது. உந்த இடையிலை நிக்கிற கதையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டந்த நோய்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. மணவீட்டில் வாதாடுவது அழகல்ல என்பது ஒரு காரணம். மற்றைய காரணம் சற்று வெட்கத்துக்குரியது. அவர் சொன்னதையே 2006 இல் நான் இன்னும் சுருக்கமாக அச்சேற்றியிருக்கிறேன்.

அந்த டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டு விழாவில் பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் தமிழகத்தின் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளிப் பதக்கம் வென்றார். நேரம் 2 நிமிடம் 3.16 செக்கன். புதுக்கோட்டை மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் உழைத்த தலித் பெற்றோருக்குப் பிறந்தவர். சில நாட்களில் பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி கசிந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றிரவு செய்திப் பிரிவில் கடமையிலிருந்தவன் நான். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்தின் நான்கு பந்திகளை மொழிபெயர்த்து, மேலே "ஓடியது அவளல்ல, அவன்" என்று தலைப்பிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த மூன்று சொற்களில் ஒன்றேனும் எனக்குத் தெரிந்த உண்மையாக இருக்கவில்லை. பரிசோதனை எதைக் கண்டது என்று நான் கேட்கவில்லை. அவருடைய உடலின் விவரம் எதுவாயினும் அது அவருக்கும் வைத்தியருக்கும் இடையிலானது. இன்றும் நான் அதை ஊகிக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதும், 2012 இல் செங்கற்சூளையில் நாட்கூலிக்கு நின்றார் என்பதும், பின்னர் முறைப்படி பயின்று பயிற்றுநரானார் என்பதும் ஊரறிந்தவை. அவரைக் கூலிக்கு அனுப்பியவர்களின் வரிசையில் தலைப்பெழுதிய என்போன்றவர்களும் நிற்கிறோம்.

இனி ஆசிரியரின் விஞ்ஞானத்துக்கு வருவோம். கருவில் ஏறத்தாழ ஆறாவது வாரம்வரை முளையம் ஆணுமல்ல, பெண்ணுமல்ல. இரு வழிகளுக்குமான குழாய்களும் அதனிடம் இருக்கின்றன. வை நிறமூர்த்தத்திலுள்ள எஸ்.ஆர்.வை என்ற பரம்பரையலகு தொழிற்பட்டால் விதைகள் உருவாகத் தொடங்குகின்றன. அது முதற்படி மாத்திரமே. விதைகள் ஓமோன்களைச் சுரக்கவேண்டும். அவற்றை உடற்கலங்கள் ஏற்கவேண்டும். சிலரிடம் எக்ஸ்.வை நிறமூர்த்தங்களும் விதைகளும் இருந்தும் கலங்கள் தெஸ்தெஸ்தெரோனுக்குச் செவிசாய்ப்பதில்லை. அக்குழந்தை பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்கிறது. பூப்படையாததால் வைத்தியரிடம் போகும்வரை எவருக்கும் ஐயம் எழுவதில்லை. வேறு சிலரிடம் அதே நிறமூர்த்தங்களுடன் கருப்பை இருக்கிறது; தானமாகப் பெற்ற சூல்முட்டையால் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. எஸ்.ஆர்.வை இடம்மாறி எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஒட்டிக்கொண்டதால் எக்ஸ்.எக்ஸ் உடன் ஆணாகப் பிறந்தவர்களும் உண்டு.

டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தைப் பற்றி 1974 இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். அங்கே பெண் குழந்தைகளாகக் கருதப்பட்ட சிலர் பருவ வயதில் ஆணுடல் பெற்றனர். ஒரே ஒரு நொதியத்தின் குறைபாடே காரணம். கிராமத்தவர்கள் அதற்கு ஒரு பெயரையும் வைத்துக்கொண்டு வாழ்ந்து வந்தார்கள்.

ஆகவே பெரும்பாலானோர் ஆணாகவோ பெண்ணாகவோ பிறக்கிறார்கள் என்பது உண்மை. எல்லோரும் அவ்வாறே என்பது உண்மையல்ல. எஸ்.ஆர்.வையை 1990 இல் கண்டறிந்த ஆய்வை நடத்திய அன்ட்ரூ சின்க்ளெயரே, 2025 இன் புதிய விதியைப் பகிரங்கமாக எதிர்த்து எழுதினார். அந்தப் பரம்பரையலகு இருக்கிறதா என்பதை மட்டுமே பரிசோதனை சொல்லும், அது தொழிற்பட்டதா, உடல் ஓமோனை ஏற்றதா என்பதைச் சொல்லாது என்பதே அவருடைய வாதம். விஞ்ஞானம் சொல்லிவிட்டது என்பவர்கள், அந்த விஞ்ஞானி சொன்னதையும் கேட்கவேண்டாமா?

விளையாட்டில் நியாயம் வேண்டாமா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கவில்லை. ஆண் பருவமாற்றம் தசைக்கும் எலும்புக்கும் தரும் பலம் மெய்யானது. பெண்கள் பிரிவு தனியாக இருப்பதற்கு அதுவே காரணம். எங்கே கோடு கிழிப்பது என்பது கடினமான கேள்வி. நேர்மையானவர்கள் அதில் முரண்படலாம். ஆனால் கோடு கிழித்தவர்கள் இதுவரை நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். 1966 இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை வைத்தியர் குழுவின் முன்னே நிர்வாணமாக நிறுத்தினார்கள். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் நிறமூர்த்தப் பரிசோதனைக்கு மாறினார்கள். 1985 இல் கோபேயில் ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டீனோ அதில் சிக்கினார். அவருடைய உடலோ தெஸ்தெஸ்தெரோனைப் பயன்படுத்தவே இயலாதது. அதனால் அவருக்கு எள்ளளவு அனுகூலமும் இல்லை. பெயரும் புலமைப்பரிசிலும் சாதனைகளும் போனபின், 1988 இல் "ஓடலாம்" என்றார்கள். 1996 அற்லாண்டாவில் 3,387 பெண்களைப் பரிசோதித்ததில் எட்டுப் பேருக்கு எஸ்.ஆர்.வை இருந்தது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். 1999 இல் ஒலிம்பிக் குழு அப்பரிசோதனையைக் கைவிட்டது. அதே பரம்பரையலகைத்தான் 2025 இல் புதியதுபோலத் தூசிதட்டி எடுத்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் ஐயத்தின் பேரில் பரிசோதித்தார்கள். யார்மீது ஐயம்? தென்னாபிரிக்காவின் கஸ்டர் செமன்யா, ஒடிசாவின் டூட்டி சந்த், புதுக்கோட்டையின் சாந்தி. 2013 இல் பிரெஞ்சு வைத்தியர்கள் ஒரு வைத்திய சஞ்சிகையில் நான்கு இளம் வீராங்கனைகளைப் பற்றி எழுதினார்கள். நால்வரும் வளர்முக நாடுகளின் பின்தங்கிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். 18 முதல் 21 வயதினர். உள்ளிருந்த விதைகளால் உடல்நலத்துக்குக் கேடில்லை என்று ஒப்புக்கொண்டுகொண்டே அவற்றை அகற்றியதையும், பெண்குறியின் ஒரு பகுதியை வெட்டியதையும் அவர்களே பதிந்திருக்கிறார்கள். நோயற்ற பிள்ளைகளைக் கத்திக்குக் கிடத்தியதை நியாயம் என்ற சொல்லால் மூடமுடியுமா? செமன்யாவின் வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரவை 2025 யூலையில் தீர்ப்பளித்தபோது, அவர் முதன்முதலாக உலகச் சம்பியனாகி ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

"வெள்ளைக்காரன் கொண்டுவந்த நோய்" என்ற வாதம் எனக்கு உண்மையில் சிரிப்பூட்டுகிறது. நிர்வாண அணிவகுப்பு ஐரோப்பாவில் நடந்தது. பிரித்தானிய இந்தியாவில் 1871 இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் அரவாணிகளைப் பதிவேட்டில் ஏற்றியவர்கள் வெள்ளைக்காரர்கள். நம்முடைய தொல்காப்பியமோ, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இடம் ஒதுக்கியது. அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே கொண்டு முடிவர் என்பது அந்த விதி. அதே சூத்திரத்தில் அவர்களுடன் வைத்துப் பேசப்படுவது தெய்வப் பெயர். நோயென்று கருதியிருந்தால் இலக்கணகாரன் உயர்திணையில் வைத்திருப்பானா?

இந்த வாதத்தின் அடியில் கிடக்கும் இன்னொன்று இருக்கிறது. உடல் இரண்டு என்று நிறுவிவிட்டால், கடமையும் உரிமையும் இரண்டாகவே பிரியும் என்ற ஆசை அது. ஆனால் ஒரே உடலுக்கு உலகம் எத்தனை விதமான பங்கு கொடுத்திருக்கிறது! வட அல்பேனியாவின் மலைக்கிராமங்களில் ஒரு பெண் திருமணம் வேண்டாமென்று சத்தியம் செய்தால் ஆணுடை தரித்து, துப்பாக்கி ஏந்தி, குடும்பத் தலைமையும் சொத்தும் பெற முடிந்தது. அவளுடைய உடல் மாறவில்லை. சத்தியம் ஒன்றே போதுமாயிருந்தது. சுலாவெசித் தீவின் பூகிஸ் மக்கள் ஐந்து பால்நிலைகளைக் கணக்கிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது சிறு தீவையே பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமையின்கீழ் மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மட்டக்களப்பிலோ குடி தாய்வழியில் இறங்குகிறது. வீடு மகளுக்குப் போகிறது. மணமகன் பெட்டியுடன் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். இரண்டும் தமிழ்ப் பெண்கள்தாம். யாழ்ப்பாணத்துப் பெண்ணின் நிறமூர்த்தம் ஒன்று, மட்டக்களப்புப் பெண்ணின் நிறமூர்த்தம் வேறொன்று என்று எந்த ஆசிரியராவது கற்பித்ததுண்டா?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், ஊடுபால் குழந்தைகளின் உடலை நமது வசதிக்காக வெட்டித் திருத்துவதைத் தடுக்கும்படி பணித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் தமிழக அரசு, உயிராபத்து நிலைகள் நீங்கலாக, அதற்குத் தடை விதித்தது. குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும் என்பதுதான் அதன் பொருள். இதில் பண்பாடு எங்கே கெடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பத்திரிகையில் எழுத்துப் பிழை விட்டால் மறுநாள் திருத்தம் போடுவோம். அந்தத் தலைப்புக்கு எவரும் திருத்தம் கேட்கவில்லை; நானும் போடவில்லை. இத்தனை ஆண்டுகள் பிந்தி, என் சொந்த இடத்தில் போடுகிறேன்: அன்று டோஹாவில் ஓடியவர் சாந்தி. தன்னைப் பெண்ணாகவே அறிந்து, பெண்ணாகவே வளர்ந்து, வெறுங்காலுடன் ஓடத் தொடங்கி அங்கே வந்து சேர்ந்தவர். தலைப்பு தவறானது.

ஆசிரியர் இதை வாசிப்பார் என்று தெரியும். மறுப்பு இருந்தால் எழுதட்டும். ஒரு எழுத்தும் குறைக்காமல் போடுகிறேன்.