விளக்குக்கு முன் நீரோட்டம்

பவளத் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் முதலில் விளக்கின் விலையைத்தான் என்னிடம் விசாரிக்கிறார்கள். நீரோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். பவளம் இடம்பெயராத உயிர். உணவும் ஆக்சிஜனும் அதைத் தேடி வர வேண்டும். கழிவும் சளியும் அகல வேண்டும். இரண்டையும் செய்வது ஓடும் நீர்தான்.

சிங்கப்பூரின் ஈசூனில் என் வீவக அடுக்குமாடி வீட்டில் இருப்பது 200 லிட்டர் தொட்டி. அந்த அளவில் மென்பவளங்களுக்கு மணிக்குச் சுமார் 4,000 லிட்டர் ஓட்டம் போதும். அக்ரோபோரா என்ற கல்பவளத்துக்கு 8,000 லிட்டராவது வேண்டும். அளவைவிட விதம் முக்கியம். ஒரே பம்ப் ஒரே இடத்தில் பீய்ச்சினால் பவளத்தின் திசு கிழியும். பாறைக்குப் பின்னால் கசடு தேங்கும். அதனால் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு பம்புகளை மாறி மாறி ஓடவிடுகிறேன். டார்ச் பவளத்தின் விழுது போன்ற உணர்கொம்புகள் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தால் ஓட்டம் தவறு. இங்குமங்கும் அசைந்தாடினால் சரி.

1998இல் ஜப்பானின் ஒகினாவாவில் வெப்பத்தால் பவளங்கள் வெளுத்ததை ஆராய்ந்த நகமுராவும் வான் வூசிக்கும் 2001இல் வெளியிட்ட முடிவும் ஓட்டத்தின் அவசியத்தையே காட்டுகிறது: வேகமான ஓட்டத்தில் வைத்த அக்ரோபோரா, மந்தமான ஓட்டத்தில் இருந்ததைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்கியது.

கடைகள் ஒவ்வொரு பவளத்தின் மீதும் விலையோடு அதற்கு வேண்டிய ஓட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவர்கள் பம்புக்கும், மின்சாரம் நின்றால் அதை ஓட்டும் பேட்டரிக்கும் பணம் ஒதுக்கிய பிறகே விளக்கைப் பார்க்கட்டும். அதற்கு வசதியில்லையென்றால் பவளம் வாங்காமல் இருப்பதே நியாயம்.