துத்தநாக விரலும் துத்தநாக மாத்திரையும்

பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன் மக்களே. மல்டிபிள் மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். லெனாலிடோமைடு சாப்பிடறாங்க. அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் புதுசா ஜிங்க் மாத்திரை டப்பா ஒண்ணு.

"யாரு கொடுத்தா?"ன்னு கேட்டா, அண்ணன் அனுப்பின வாட்ஸப்பைக் காட்டறாங்க. 'புற்றுநோயைப் பரப்புவது ஜிங்க் ஃபிங்கர் புரதம். ஜிங்க் குறைந்தால் அது வெறி பிடித்து அலையும். தினம் மூணு மாத்திரை போடவும்.' கூடவே கும்பிடு பொம்மை வேற. கடுப்பாயிட்டேன். அந்தக் கடுப்புதான் இந்தப் பதிவு.

1985-ல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக் குழுவினர், ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் இருந்த ஒரு புரதத்தை ஆராய்ந்து கண்டுபிடிச்சது இந்த 'விரல்'. புரதச் சங்கிலி மடிஞ்சு விரல் மாதிரி நீட்டி டிஎன்ஏவைப் பிடிக்குது. அந்த மடிப்பு கலையாம நிறுத்துறது ஒரே ஒரு துத்தநாக அணு. சேலை மடிப்புக்குக் குத்துற பின் மாதிரின்னு வச்சுக்கோங்க. பின்னை டப்பா டப்பாவா வாங்கினா சேலை கட்டு நல்லாயிடுமா?

சரி, 'பரப்புவது'ங்கறது? பாதி உண்மை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட மோசம். ஸ்னெயில், ஜெப்1 ரெண்டும் ஜிங்க் ஃபிங்கர் புரதங்கள்தான். செல்களை ஒட்டி வைக்கிற ஈ-கேட்ஹெரினை உற்பத்தியாக விடாம அடக்கும். பசை போன செல் ஊர் சுத்தக் கிளம்பிடும். ஆனா இந்தக் குடும்பத்தில் நம்ம உடம்பில் மட்டும் 700-க்கு மேல் இருக்கு. அதில் டபிள்யூடி1 குழந்தையோட சிறுநீரகத்துக்குக் காவல்காரன். அது கெட்டுப்போனா வில்ம்ஸ் கட்டி வரலாம். அதே டபிள்யூடி1 பல ரத்தப் புற்றுநோய்களில் அளவுக்கு மீறி இருக்கு. இப்ப இது நல்லவனா கெட்டவனா? ஒரு வீட்டில் ஒருத்தன் திருடினா தெருவையே உள்ள தள்ளுவீங்களா?

பெரியம்மா சாப்பிடற மாத்திரையையே பாருங்க. இக்காரோஸ், அயோலோஸ்னு ரெண்டு ஜிங்க் ஃபிங்கர் புரதங்களை செல்லோட குப்பைத் தொட்டிக்கு அனுப்பறதுதான் அதோட வேலை. 2014-ல் தெரிஞ்சது. அவை இல்லாம மைலோமா செல் தாக்குப்பிடிக்காது. இந்த மருந்தோட மூத்தது தாலிடோமைடு. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோட பிறந்த பிறகு 1961-ல் திரும்பப் பெறப்பட்டது. ஏன் அப்படி ஆச்சுங்கறதுக்கு 2018-ல் ஒரு முக்கியமான விடை கிடைச்சுது: கருவில் சால்4 என்கிற இன்னொரு ஜிங்க் ஃபிங்கர் புரதம் அழிஞ்சிருக்கு. எந்த விரல், எந்த இடம், எந்த நேரம், இதுதான் கணக்கு. இதை மூணு வரியில் முடிச்சு மாத்திரை எழுதித் தர்றாங்க!

"சாப்பிட்டா கெட்டா போயிடும்?"னு கேப்பீங்க. போகும். ஜிங்க் அளவுக்கு மீறி ரொம்ப நாள் போனா உடம்பில் தாமிரம் சேராது. ரத்தசோகை வரும், வெள்ளை அணு குறையும். பெரியம்மாவோட மருந்தே வெள்ளை அணுவைக் குறைக்கக்கூடியது. ரெண்டும் சேர்ந்தா?

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "நல்லதுதானேடா சொன்னேன்"னார். நல்லதுதான் நினைச்சார், சந்தேகமில்லை. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்லதே செஞ்சிருப்பார். டப்பாவை ஆஸ்பத்திரிப் பையில் போட்டு, "அடுத்த தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க, அதுவரைக்கும் தொடாதீங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

மருத்துவப் பதிவு போடற நண்பர்களே, ஒரு புரதத்தோட பேரில் ஜிங்க் இருக்கறது மருந்துச்சீட்டு இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ரத்தப் பரிசோதனை பார்த்து உங்க டாக்டரே ஜிங்க் கொடுத்திருந்தா, என் பதிவைப் படிச்சு நிறுத்திடாதீங்க சாமி!