சொல்லறியாக் குழந்தைக்குக் காப்பு ஏது?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்க வேண்டும் என்கின்றனர். நன்று, கற்பிக்கட்டும். அதனுடன், இணையத்தில் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியையும் கற்பிக்க வேண்டும் என்கின்றனர். அது கணினியைக் காட்டிலும் முந்திக் கற்பிக்க வேண்டுவது. இவ்விரண்டிலும் நமக்கு மாறுபாடில்லை. ஆனால், ஆறு அகவைத் தமிழ்க் குழந்தைக்கு இவற்றை எந்த மொழியிற் கற்பிக்கப் போகின்றீர் என்று கேட்டால், கல்வித்துறையாரும் தனியார் பள்ளி நடத்துவோரும் ஒருங்கே வாய்மூடிக் கொள்கின்றனர். கணினிக்கு மொழி ஏது, அஃது ஆங்கிலந்தானே என்று சிலர் நகைக்கவும் செய்கின்றனர். நகைப்பவர்க்கு விடை கூறவே இதனை எழுதுகின்றேன்.

குழந்தை பள்ளியில்தான் முதன்முதல் கணினியைக் காண்கின்றது என்று எண்ணுவோர் 2020-ஆம் ஆண்டை மறந்தவர். கொரோனா நோயால் அவ்வாண்டு மார்ச்சில் மூடப்பெற்ற நம் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறக்கப்பெற்றன. அத்துணை மாதமும் தாயின் கைப்பேசியே பள்ளி, அதுவே ஆடுகளம், அதுவே தோழன். பின்னர்ப் பள்ளி திறந்தது; கைப்பேசியோ பிள்ளைகளின் கையைவிட்டு அகலவில்லை. இன்று ஒன்றாம் வகுப்பிற்கு வரும் குழந்தைக்கு அகரம் எழுதத் தெரிவதில்லை. திரையைத் தள்ளத் தெரிகின்றது.

அத்திரை என்ன கேட்கின்றது என்று பார்ப்போம். ஒரு விளையாட்டைத் திறந்தவுடன் ஒரு கட்டம் தோன்றுகின்றது. உன் ஒளிப்படக் கருவியை நான் பயன்படுத்தலாமா, உன் குரலைப் பதிவு செய்யலாமா, நீ இருக்குமிடத்தை அறியலாமா, உன் தாய் சேர்த்து வைத்திருக்கும் தொலைபேசி எண்களைப் பார்க்கலாமா என்று அது கேட்கின்றது. கேட்பது ஆங்கிலத்தில். கீழே 'அலவ்' என்றொரு சொல். அதற்கடுத்து 'டோன்ட் அலவ்' என்றொரு சொல். நான்காம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தியிடம், "அலவ் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன். "அதை அமுக்கினால்தான் விளையாட்டு வரும் ஐயா" என்றாள். அவ்விடையிற் பிழையில்லை. தன் வீட்டுக் கதவை முன்பின் அறியாதார்க்குத் திறந்துவிட்டோம் என்பதை மட்டும் அவள் அறியாள். அறிவிக்க வேண்டியவர் யார்?

இன்னொரு கேட்டையும் காண்க. பேசுபுக்கும் இன்சுடாகிராமும் பதின்மூன்று அகவை நிரம்பாதார்க்குக் கணக்குத் தருவதில்லை என்று விதி வைத்துள்ளன. ஆகவே எட்டு அகவைப் பிள்ளை என்ன செய்கின்றது? பிறந்த ஆண்டை மாற்றி எழுதுகின்றது. அண்ணன் கற்றுக் கொடுக்கின்றான். சிலபோது தந்தையே கற்றுக் கொடுக்கின்றார். பதினெட்டு அகவைக்குட்பட்டாரின் செய்திகளைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று, 2023-இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தரவுக் காப்புச் சட்டம் கூறுகின்றது. அந்த இசைவையும் பக்கம் பக்கமாய் ஆங்கிலத்திற் கேட்டால், கூலி வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் தாய் படித்துப் பார்த்தா கைந்நாட்டிடுவாள்?

படிப்பது ஒரு பாதி. சொல்வது மறுபாதி, அதுவே பெரும்பாதி. யாரோ ஒருவன் அன்பொழுகப் பேசிப் படம் ஒன்று அனுப்பென்று கேட்கின்றான். அல்லது பார்க்கத் தகாத ஒன்றைக் காட்டுகின்றான். 'இஃது உனக்கும் எனக்கும் மட்டுமான கமுக்கம், அம்மாவிடம் சொல்லாதே' என்கின்றான். அந்நிலையிற் குழந்தையைக் காக்க வல்லது, நடந்ததை நடந்தவாறே தாயிடமோ ஆசிரியரிடமோ சொல்லும் சொல் ஒன்றே. பாலியற் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், மின்கருவி வாயிலாகக் குழந்தையைத் தீய நோக்குடன் விடாது தொடர்வதையும் குற்றம் என்கின்றது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றது. ஆனால் சட்டமும் எண்ணும் குழந்தை வாய்திறந்த பின்னரே வேலை செய்யும்.

வாய்திறக்க நம் பள்ளிகள் கற்பிக்கின்றனவா? 'குட் டச், பேட் டச்', 'சைபர் சேப்டி' என்னும் ஆங்கிலத் தொடர்களை நெட்டுருச் செய்விக்கின்றன. ஆசிரியர் ஒருவரிடம் ஏன் இவ்வாறு என்று கேட்டேன். தமிழிற் சொல்லக் கூச்சமாக இருக்கின்றதாம்! கூச்சம் ஆசிரியர்க்கு, கேடு குழந்தைக்கு. உடலுறுப்புகளுக்குத் தமிழிற் பெயரில்லையா? இருக்கின்றது, தொன்றுதொட்டு மருத்துவரும் தாய்மாரும் வழங்கிய பெயர்களே இருக்கின்றன. அவற்றை வகுப்பில் நேர்நின்று, அச்சமின்றி, இழிவின்றிச் சொல்லிக் கொடுக்காத பள்ளி, ஆங்கிலத் தொடரைக் குழந்தையின் வாயில் இட்டு அடைக்கின்றது. இரவில் தாயின் மடியிற் கிடந்து அது எந்தச் சொல்லால் அழும்? அந்தத் தாய்க்கு 'சேப்டி'யும் தெரியாது, 'சைபர்'உம் தெரியாது.

இனி, எழுதுவதைப் பார்ப்போம். விசைப்பலகையின் முன் அமர்த்தப்பெறும் பிள்ளை முதலில் தன் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கவே பழக்கப்படுகின்றது. தமிழ் வேண்டுமாயின், ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டி 'அம்மா'வை வரவழைக்கச் சொல்கின்றனர். தன் தாயை அழைக்க அயலானிடம் ஆள் விட்டனுப்புவது போன்றது இது. 1999 பிப்பிரவரியிற் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாய் உருவாகி, அவ்வாண்டே தமிழக அரசால் ஏற்கப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை இருக்கின்றதே, அதனை இவர்கள் அறியாரா? அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். இடக்கைச் சிறுவிரல் இயல்பாய்ப் படியுமிடத்தில் அகரம். ஒரே மெய் இருமுறை வரின் முன்னதற்குரிய புள்ளியைப் பலகையே இட்டுக்கொள்கின்றது. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரினும் அவ்வாறே. ஆகவே அ, ம, ம, ஆ என நான்கு தட்டில் 'அம்மா'. ப, ந, த, உ என நான்கு தட்டில் 'பந்து'. உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆவதையும், ங-வுக்குக் க-வும் ஞ-வுக்குச் ச-வும் இனமாவதையும் நாங்கள் கரும்பலகையில் நாள்கணக்கிற் கற்பிக்கின்றோம். இப்பலகை விரல்வழியே கற்பித்து விடுகின்றது. ஆனால் நான் சென்று கண்ட தொடக்கப் பள்ளிகளில் இவ்வெழுத்துகள் பொறித்த விசைப்பலகை ஒன்றையும் கண்டிலேன். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்புத் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அச்சட்டம் கணினி அறையின் வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கின்றது போலும்!

கணினியைத் தமிழில் இயக்க இயலாது என்பார் கூற்று எந்நாளோ பொய்த்துவிட்டது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கியது 1985-இல். இன்று ஆண்டிராய்டுக் கைப்பேசியின் மொழியமைப்பில் தமிழைத் தெரிந்தெடுத்தால், மேலே நான் சொன்ன அந்தக் கட்டமே தமிழிற் கேட்கின்றது. 'அனுமதி' என்னும் வடசொல்லால் கேட்கின்றது என்பது உண்மை. 'இசைவு' என்றிருக்க வேண்டும். அதற்குத் தனியே போராடுவோம். ஆயினும் 'அலவ்' அறியாத குழந்தைக்கு அது புரிகின்றதன்றோ?

ஐசுலாந்து என்றொரு தீவு நாடு. 1999-இல் அதன் மக்கள்தொகை மூன்று இலக்கத்திற்கும் குறைவு. நம் நகரொன்றில் அடங்கிவிடுவர். தம் மொழியில் விண்டோசு இல்லை என்று கண்ட அந்நாட்டரசு மைக்ரோசாப்டு நிறுவனத்தோடு வழக்காடி, மென்பொருட் களவைத் தடுப்பதாக உறுதியும் தந்து, அவ்வாண்டு சனவரியில் உடன்படிக்கை கண்டது. கணினிக்கு அவர்கள் ஆக்கிக்கொண்ட பெயர் 'தொல்வா'. எண்ணைக் குறிக்கும் தம் சொல்லையும் குறிசொல்லும் மகளைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் இணைத்துச் செய்தது அது. எண்களைக் கொண்டு குறி சொல்பவள்! எத்துணை அழகிய ஆக்கம்! எசுத்தோனியரும் 1996-இல் 'புலிப்பாய்ச்சல்' என்று பெயரிட்டுப் பள்ளிதோறும் கணினியையும் இணையத்தையும் கொண்டு சென்றனர். தம் மொழியை விட்டுவிட்டுப் பாயவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் ஏழு கோடிக்கு மேல். நமக்கு வாயில்லையா, அரசில்லையா?

உயர்கல்வியும் வேலையும் ஆங்கிலத்தில்தானே என்பார் உளர். இருக்கட்டும். ஏழு அகவைக் குழந்தை வேலைக்கா செல்லப் போகின்றது? அந்த ஆசையைக் காட்டியே 2020-இல் இணையவழிப் பயிற்சி நிறுவனம் ஒன்று, சிறு குழந்தைகட்கு நிரல் எழுதக் கற்பித்தால் செல்வம் குவியும் என்னும்படி நாடெங்கும் பறைசாற்றிற்று. விளம்பரத் தரத்தைக் கண்காணிக்கும் மன்றம் தலையிட்டபின் ஐந்து விளம்பரங்களைத் திரும்பப் பெற்றது. பெற்றோர் கட்டிய பணத்தின் கதை வேறு. ஆங்கிலத்தை ஆங்கிலப் பாட வேளையிற் கற்பியுங்கள்; எவரும் தடுக்கவில்லை. குழந்தையின் உயிர்க்காப்பை ஆங்கிலப் பயிற்சிக்குக் களமாக்காதீர் என்பதே நம் வழக்கு.

நம்மவரையும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. கணினியா கணிப்பொறியா, இணையமா வலையா என்று மன்றங்கள் கூட்டி ஆண்டுக்கணக்காய் வழக்காடுகின்றோம். வழக்காடுக, வேண்டா என்னேன். ஆனால், நம் வீட்டுப் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசி எந்த மொழியில் இயங்குகின்றது என்று என்றேனும் எடுத்துப் பார்த்தோமா? தூய தமிழ்ப் பெயர் சூட்டப்பெற்ற பேரப்பிள்ளை மூலையில் அமர்ந்து 'அலவ்'ஐ அமுக்கிக் கொண்டிருக்க, முன்கூடத்திற் கலைச்சொல் ஆய்வு நடக்கும் வீடுகளை நான் கண்டுள்ளேன். முதலில் அக்கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றுங்கள். ஒரு மணித்துளி வேலை.

அடுத்தது பள்ளி. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்காற் பங்கினர் பெற்றோர். அடுத்த கூட்டத்திற்குத் தவறாது செல்க. கணினித் திரை தமிழில் அமைய வேண்டும், தமிழ்99 எழுத்தொட்டிகளை விசைப்பலகைகளில் ஒட்ட வேண்டும், இணையக் காப்புப் பாடத்தை உடலுறுப்புப் பெயர்கள் உட்படத் தமிழில் நடத்த வேண்டும், 1098 என்னும் எண்ணை அதன் விளக்கத்துடன் குழந்தையின் கண்ணுயரத்திற் சுவரில் எழுத வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையொப்பமிட்டு, படியொன்றை வட்டாரக் கல்வி அலுவலர்க்கு விடுக்க. எழுத்தொட்டி வாங்கும் சிறுதொகையைக் குழுவே திரட்டிக்கொள்ளலாம். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டா.