கடதாசிக் கோவை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

தரம் 1 அனுமதி என்றதும் கொழும்பில் வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி, பாடசாலைக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் பேச்சு. அலைச்சல் உண்மைதான். ஆனால் வகுப்பில் போய் இருக்கப்போகிற பிள்ளையை யார் ஆயத்தப்படுத்துவது?

ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் என்ற உரிமையில் பெற்றோரிடம் கேட்கிறேன்: முன்பள்ளியிலேயே எழுத்தெல்லாம் எழுதி முடிக்கவேண்டுமென்று சின்னப் பிள்ளைகளை வதைக்காதீர்கள். எழுத்தை நாங்கள் சொல்லிக்கொடுப்போம். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறக்கத் தெரியாமல், உதவி கேட்கவும் கூச்சப்பட்டு, அதை மடியில் வைத்தபடி இருக்கும் பிள்ளையைத்தான் பார்க்கச் சகிக்காது. வீட்டில் ஊட்டியே பழக்கியிருப்பார்கள். தானே சாப்பிட, பொத்தான் பூட்ட, "ரீச்சர், ஒண்டுக்குப் போகோணும்" என்று வாய்விட்டுக் கேட்கப் பழக்குங்கள். "குழப்படி செய்தால் ரீச்சர் அடிப்பா" என்று வெருட்டுவதை அடியோடு நிறுத்துங்கள்.

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வளரும் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளோடு விளையாடக் கிடைப்பதே அரிது. பின்னேரங்களில் கடற்கரைக்காவது கூட்டிப்போங்கள். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிவிடும், காலி வீதி நெரிசலுக்கு வெள்ளெனவே எழும்ப வேண்டும். இரவு நேரத்தோடு படுக்கும் பழக்கம் ஒரு மாதம் முன்பே வரட்டும். ஐந்து வயதுத் தடுப்பூசியும் தவறக்கூடாது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முன்பள்ளிகள் பெற்றோரை அழைத்து ஒரு பின்னேரம் இதையெல்லாம் பேச வேண்டும். அதிபர்மாரும் தவணை தொடங்குமுன் ஒருநாள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வகுப்பறை, தண்ணீர்க் குழாய், மலசலகூடம் மூன்றையும் காட்டிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை