தோலுக்கும் ஒரு ஜி.எஸ்.எம். கட்டர்!

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள்ளே துணி ரோல் வந்து இறங்கினதும் என்ன பண்ணுவாங்க? ஜி.எஸ்.எம். கட்டரை மேலே வெச்சு ஒரே திருகு! வட்டமா 100 சதுர சென்டிமீட்டர் துண்டு கையிலே வந்துடும். அதை எடை போட்டு, வந்த கிராமை நூறால பெருக்கினா துணியோட ஜாதகமே தெரிஞ்சுடும். "ஐயையோ, நல்ல துணியிலே ஓட்டை போட்டுட்டாங்களே"ன்னு எந்த முதலாளியும் அழுததில்லை.

ஆனா ஸ்கின் டாக்டர், "முதுகிலே இருக்கிற படையிலேர்ந்து சின்னதா ஒரு துண்டு எடுத்துப் பார்த்துடலாம்"னு சொல்லட்டும்... ஆள் காலி!

"பயாப்ஸிங்களா? அப்ப... அதுதானுங்களா டாக்டர்?"

"எது?"

"அதுதானுங்க... சினிமாவிலே ஹீரோ இருமி இருமி கர்ச்சீப்பைப் பார்ப்பாரே!"

பயாப்ஸின்னாலே கேன்சர்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தது சினிமா. அந்த வார்த்தையை 1879-ல் உண்டாக்கினவர் பெனியேன்னு பாரிஸ்ல இருந்த ஒரு தோல் டாக்டர். கிரேக்க மொழியிலே 'உயிரைப் பார்த்தல்'னு அர்த்தம். அதிலே கேன்சரும் இல்லை, கர்ச்சீப்பும் இல்லை. சொரியாஸிஸ், லைக்கன் பிளானஸ், தொழுநோய்னு பல சமாசாரங்கள் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். ஷேடு சந்தேகம் வந்தா லேபுக்கு அனுப்பறோமே, அந்த மாதிரிதான் இதுவும்.

சரி, உள்ளே என்ன நடக்கும்?

அதிகம் செய்யறது 'பஞ்ச்' பயாப்ஸி. 1887-ல் நியூயார்க் டாக்டர் எட்வர்ட் கீஸ் எழுதி வெச்ச முறை. பேனா மாதிரி ஒரு கருவி, நுனியிலே வட்டமான பிளேடு. பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் அகலம். அதாவது பென்சிலை விட ஒல்லி. முதல்லே மரத்துப் போக ஊசி. உள்ளதைச் சொல்லணுமே, அந்த ஊசி சுருக்குன்னு எரியும். அதோட சரி. அப்புறம் யாரோ அழுத்தற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஒண்ணு ரெண்டு தையல். மொத்தம் கால் மணி நேரம். டீ டயத்துக்குள்ளே முடிஞ்சுடும்.

"கத்தி பட்டா பரவிடும்"னு பக்கத்து மெஷின் அண்ணன் சொல்வார். பரவாது. அண்ணனுக்கு ஓவர்லாக் தெரியும், இது தெரியாது!

ஊசி போடறதுக்கு முன்னாடி நீங்க வாயைத் திறந்து சொல்ல வேண்டியது சிலது இருக்கு. சர்க்கரை இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்களா, எந்த மருந்தாவது அலர்ஜியா, தழும்பு தடிச்சு வளர்ற உடம்பா... எல்லாத்தையும் சொல்லிடுங்க. நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. முக்கியமா, மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கித் தடவின ட்யூபைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் நோயோட நிஜ முகத்தை மறைச்சுடும். பூஞ்சைப் படைகூட வேற வேஷம் கட்டிடும்.

எடுத்த துண்டு ஃபார்மலின் பாட்டில்ல போகும். மெழுகிலே பதிச்சு, ஒரு மில்லிமீட்டர்ல சுமார் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுவாங்க. அப்புறம்தான் நம்ம ஊர் வேலை... சாயம் போடறது! ஹெமடாக்ஸிலின்ங்கிற சாயம் மத்திய அமெரிக்கா பக்கத்து மரத்திலேர்ந்து வர்றது. ஒரு காலத்திலே ஐரோப்பாவிலே துணிக்குப் போட்டது. பிடிக்கறதுக்குப் படிகாரம் மாதிரி ஒரு உப்பும் வேணும். இன்னொண்ணு இயோசின். 1870-களில் ஜெர்மன் கெமிஸ்ட் ஹைன்ரிச் காரோ கொண்டு வந்த சாயம். செல்லோட கரு நீலமாகவும், மத்தது ரோஸாகவும் தெரியும். ஆக, பயாப்ஸி லேபும் ஒரு குட்டிச் சாயப்பட்டறைதான்!

ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். ரிப்போர்ட்டைப் பிரிச்சு நீங்களே படிச்சு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. சில சமயம் அதிலே நோயோட பேரே இருக்காது. இது இல்லை, அது இல்லைன்னு சொல்றதும் ரிசல்ட்தான். அதுவரைக்கும் காயம் முதல் நாள் நனையாம இருக்கட்டும். ரத்தம் கசிஞ்சா சுத்தமான துணியால விடாம பதினைந்து நிமிஷம் அழுத்துங்க. நிக்கலைன்னாலோ, சீழ், காய்ச்சல், வீக்கம் வந்தாலோ உடனே டாக்டர். தையல் பிரிக்க முகத்துக்கு ஒரு வாரம், உடம்புக்குப் பத்து பதினாலு நாள். சின்னத் தழும்பு நிக்கும்.

ஒரு விஷயம் மட்டும் சிரிக்காம கேளுங்க. வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல். அரிப்பில்லை, வலியில்லை, தொட்டாலும் உணர்ச்சியில்லை. இதைத்தான் பசங்க "தொந்தரவே இல்லையே"ன்னு விட்டுடறாங்க. டைலருக்கு விரல்ல ஊசி ஏறியும் வலிக்கலைன்னா அது வீரம் இல்லை ஸார், அது தொழுநோயா இருக்கலாம். டாக்டர் கண்ணாலயும் தொட்டும் பார்த்தே பெரும்பாலும் சொல்லிடுவார். சந்தேகம் தீரலைன்னாதான் பயாப்ஸி. அரசு ஆஸ்பத்திரியிலே மாத்திரை இலவசம், 6 மாசமோ 12 மாசமோ. ஆரம்பிச்சுட்டா அடுத்தவருக்குப் பரவறது நின்னுடும். கல்யாணப் பயமா? தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமா வெச்சிருந்த சட்டப் பிரிவுகளைப் பார்லிமெண்ட் 2019-லேயே எடுத்தாச்சு.

ஆனா தள்ளிப் போட்டா நரம்பு கெடும். மரத்துப்போன விரலுக்கு உணர்ச்சி திரும்பும்னு உத்தரவாதம் இல்லை. கட்டிங்கோ, டைலரிங்கோ, கம்ப்யூட்டரோ... திருப்பூர்ல நம்ம எல்லாருக்கும் சோறு போடறது பத்து விரல்தான்.

ஒரு ஷிப்மெண்ட்டைக் காப்பாத்தத் துணியிலே ஓட்டை போடறோம். பத்து விரலுக்காக நாலு மில்லிமீட்டர் கொடுக்கக் கூடாதா?